இல்லாத பாதி விரல்

எங்கள் பக்கத்தில் கணக்கில் தப்பே செய்யாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கடவுள், இன்னொருவர் அரைவிரல். இதில் கடவுளைப் பற்றி அரைவிரலுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வெள்ளாட்டுக்குத் தாடி வைக்க மெனக்கெட்ட நேரத்தில் தொடையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்திருந்தால் விவசாயி பிழைத்திருப்பான் என்பது அவர் கட்சி.

அவர் ஆடு மாட்டுத் தரகர். வ. புதுப்பட்டிக்காரர். வலது கை ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு முடிந்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஆடு மாடு விற்ற அத்தனை பேருக்கும் அவர் அரைவிரல்தான். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே அடைப்புக்குறிக்குள் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

விரல் எப்படிப் போனது என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் வரும். விவசாயி கேட்டால் சோளத்தட்டை வெட்டுகிற மிஷின். போலீஸ்காரர் கேட்டால் ஆட்டுத் திருடனை மடக்கியபோது நடந்த சண்டை. சின்னப் பிள்ளைகள் கேட்டால் மலையிலிருந்து இறங்கி வந்த சிறுத்தை. ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிற ஒருவர் கேட்டபோது, "உங்க ஊர் நாய்தான்யா கடிச்சது. வெலயக் கொறச்சுக் கேட்டேன், அதுக்குப் பிடிக்கல" என்றார். நாய்க்காரர் பூரித்துப்போய் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது ஒரு துண்டினால். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேட்டி, துண்டுப் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் உள்ளே வந்தவர், "ஏலே தம்பி, கனமான துண்டா எடு" என்றார். எடுத்துப் போட்டேன். அதை விரித்து, என் கையை இழுத்து உள்ளே விட்டு மூடி, கல்லாவில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, இந்தத் தம்பி எத்தன வெரல நீட்டிருக்கான், சொல்லுங்க பாப்போம்."

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "மூணு" என்றார். மூன்றுதான் நீட்டியிருந்தேன்.

"இது துண்டு இல்லலே, கொசுவலை. அடுத்தத எடு."

அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை துண்டுக்குள்ளும் என் கை போய்விட்டு வந்தது. சேலை எடுக்க வந்த பெண்கள் சேலையை மறந்துவிட்டு என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பச்சைக் கரை போட்ட ஓர் ஈரிழைத் துண்டில் முதலாளியும் தோற்றார், பெண்களும் தோற்றார்கள். "இது ரகசியம் தாங்கும்" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஈரிழைத் துண்டுக்கு ரகசியத் துண்டு என்று பெயர்.

மாட்டுச் சந்தைப் பக்கம் போகாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். விலையை வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்து அடுத்த மாட்டின் விலை கெட்டுவிடும். அதனால் தரகரும் வாங்குகிறவரும் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைக் கோத்து, விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். ஒரு விரலுக்குப் பத்தாயிரம் என்று வையுங்கள். நடுவில் ஐயாயிரத்தைச் சொல்ல மற்ற தரகர்கள் ஒரு விரலின் பாதியைத் தடவிக் காட்டிப் படாத பாடு படுவார்கள். நம்மவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது, அந்தக் குட்டை விரலைப் பிடித்தால் ஐயாயிரம். பிடித்த பிடியில் ஒரு தடவை அழுத்தினால் ஒற்றை மாடு, இரண்டு தடவை அழுத்தினால் ஜோடி. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்றக் கூடாது. உள்ளே பேசியதை வெளியே சொல்லவும் கூடாது.

அவரிடம் வேறொரு தத்துவமும் இருந்தது. "இருக்க பாதி வெரலு வெலயச் சொல்லும். இல்லாத பாதி மாட்டோட மனசச் சொல்லும்" என்பார். மாட்டை நோக்கி அந்தக் குட்டை விரலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "இது கறக்கும், ஆனா மாமியார் வந்தா ஒதைக்கும்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லுவார். பல வீடுகளில் அது பலித்தது என்பதுதான் கொடுமை.

இதற்கிடையில் எனக்கு அவர் ஊருக்குப் பக்கத்துக் கான்சாபுரத்தில் பெண் கொடுத்தார்கள். அதோடு நான் 'ஏலே தம்பி'யிலிருந்து 'மாப்ளே'யாக உயர்ந்தேன். லீவு நாளில் மாமனாரோடு சந்தைக்குப் போவதும் வழக்கமானது. போனதும் முதல் வேலை, "நெலவரம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்பது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்வார்.

"ஆடு மேல. மாடு கீழ. தவிடு அதுக்கும் மேல."

எத்தனையோ வாரம் கேட்டிருக்கிறேன். இந்தச் செய்தி பெரும்பாலும் மாறியதே இல்லை. ஆட்டுக்கு ஆடியில் கோயில் கொடை, ஐப்பசியில் தீபாவளி, நடுவில் பக்ரீத் என்று ஏதாவது ஒன்று வந்து தூக்கிவிடும். பால் மாட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரை மானம் காப்பாற்றப்படும். உழவு மாட்டைத்தான் சீந்த ஆளில்லை. டிராக்டர் வந்த பிறகு அதற்கு மிச்சமிருந்தது சந்தைக்கு வெளியே நிற்கும் அடிமாட்டு லாரி மட்டும்தான்.

புரட்டாசியில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற விவசாயியைக் கண்டால் அரைவிரலுக்குப் பொத்துக்கொண்டு வரும். "ஊரே தயிர்ச்சோறு திங்குது, இப்பப் போயி கெடாவ ஓட்டிட்டு வாரீரே. திரும்பிப் போம். கொஞ்ச நாள் பொறுத்துத் தீபாவளிக்கு வாரும்" என்று அனுப்பிவிடுவார். அவருடைய தரகும் அந்த ஆட்டோடு திரும்பி நடந்து போகும். அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். கணக்குத் தப்பாக நடப்பதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு தடவை வெளியூர் வியாபாரி ஒருவர் ஆட்டை உயிரோடு நிறுத்து வாங்க மின்சாரத் தராசு கொண்டுவந்தார். அரைவிரல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் ஆட்டை ஏற்றியதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்க. அது மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கு. விடட்டும், பொறவு பாப்போம்."

"மூச்சுக்கெல்லாம் எடை கிடையாதுங்க."

"அப்ப பயத்துக்கு? பயந்த ஆடு எளச்சுதான் காட்டும். நம்ம ஆடு மொத மொதல்ல கரண்டப் பாக்குது. அதுக்கு எம்புட்டுச் சேக்கப் போறீரு?"

வியாபாரி பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆடு தராசின் மேலேயே தன் காரியத்தை முடித்தது. அது எடையில் கழியுமா, சேருமா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. அது முடிவதற்குள் அன்றைக்குச் சந்தையே கலைந்துவிட்டது.

செல்போன் வந்தபோது இனி இவர் கதை முடிந்தது என்று நினைத்தோம். ஆடு மாடு படங்களைக் குழுவில் போட்டு, கீழே விலையைப் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். அரைவிரலும் குழுவில் சேர்ந்தார். ஆனால் விலையை எழுத மாட்டேன் என்றார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் விலையை எழுதுவது நடுத்தெருவில் குளிக்கிற மாதிரி என்பது அவர் கருத்து. கடைசியில் வீடியோ காலில் பேரம் தொடங்கினார். திரையில் பச்சைக் கரைத் துண்டு தெரியும், துண்டுக்குள் ஏதோ அசையும். அந்தப் பக்கத்து ஆள், "அண்ணாச்சி, ஒண்ணும் தெரியலியே" என்று கத்துவார். "தெரியக்கூடாதுன்னுதானே துண்டே போட்டிருக்கு" என்பார் இவர். இதற்குப் பயந்தே பலர் பஸ் ஏறி நேரில் வந்து மாடு வாங்கினார்கள்.

இனி என் மாமனார் கதைக்கு வருகிறேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தையில் அவருக்குப் பெயர் மிலிட்டரி. அவரிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. வலது மாட்டுக்கு சுபேதார் என்றும் இடது மாட்டுக்கு நாயக் என்றும் பெயர் வைத்திருந்தார். நாயக் வயதில் மூத்தது, பதவியில் குறைந்தது. ஒழுங்காக வேலை பார்க்காததால் பிரமோஷன் கொடுக்கவில்லை என்பார் மாமா.

இரண்டுக்கும் இந்திதான் தெரியும். 'சலோ' என்றால் நடக்கும், 'ருக்கோ' என்றால் நிற்கும். வரப்போரம் வந்ததும் மாமா 'பீச்சே முட்' என்று ஒரு குரல் விடுவார், இரண்டும் ஏரோடு திரும்பும். ரோட்டில் போகிற டவுன் பஸ் டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டி இதைப் பார்த்துவிட்டுப் போவார். இதில் ஒரு ரகசியம் உண்டு. நாயக்குக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாகிவிட்டது. சுபேதார் நடந்தால் அது நடக்கும், சுபேதார் நின்றால் அது நிற்கும். அதற்கு இந்தி, தமிழ் எல்லாமே சுபேதார்தான்.

மாமாவுக்கு முழங்கால் தேய்ந்து ஆபரேஷன் என்று ஆனபோது மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அரைவிரலிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஜோடி பிரியக் கூடாது."

"பிரியாது மிலிட்டரி."

சொல்லிவிட்டாரே தவிர, வாரக்கணக்கில் ஜோடியாகக் கேட்டு ஓர் ஆள்கூட வரவில்லை. வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், இந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். சென்னையில் போலீஸாக இருக்கும் என் மைத்துனன், "தனித்தனியா குடுத்துருங்கப்பா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள்.

கடைசி வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வன்னியம்பட்டித் தோப்புக்காரர். தென்னைகளுக்கு நடுவே சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்ததால் டிராக்டரை உள்ளே விட முடியாமல் மாடு கட்டி உழுகிறவர். அவருடைய ஜோடியில் ஒன்று சீக்கில் செத்துப்போனதால் அதற்கு இணையாக ஒற்றை மாடு தேடி வந்திருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அவர் மாட்டுக்கும் தெலுங்குதான். சுபேதாரை அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொருவர் லாரிக்காரர். நாயக்கின் விலாவைத் தட்டிப் பார்த்து, "இத நான் எடைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார்.

மாமா இரண்டு மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உத்தரவு போடுகிற குரலில் சொன்னார்.

"பிரிச்சிரு."

"பிரிச்சிரவா மிலிட்டரி?" என்று கேட்டார் அரைவிரல்.

"பிரிச்சிருன்னுதானே சொல்லுதேன்."

சொல்லிவிட்டு நாயக்கிடம் போய் அதன் திமில் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

தோப்புக்காரர் சுபேதாரை நடத்திப் பார்க்க வேண்டும் என்றார். கயிற்றைப் பிடித்து, "பதா, பதா" என்றார் தெலுங்கில். சுபேதார் அவரை ஏற இறங்கப் பார்த்தது. மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சலோ" என்றார். சுபேதார் நடந்தது. அதைப் பார்த்ததும் நாயக்கும் நடந்தது. அதன் கயிற்றை அப்போதுதான் கையில் சுற்றிக்கொண்டிருந்த லாரிக்காரரும் கூடவே போனார். போகிற வழியில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. டீக்கடைப் பெஞ்சு வரைக்கும் போய், மாமா "ருக்கோ" என்ற பிறகுதான் மூன்று பேரும் நின்றார்கள். சந்தையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அரைவிரலும் சிரிக்கவில்லை, குட்டை விரலை நீட்டியபடி நாயக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு துண்டை எடுத்தார். தோப்புக்காரர் கையோடு கை கோத்தார். துண்டுக்குள் வெகு நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் லேசாக அசைந்தது. தோப்புக்காரர் தலையை ஆட்டினார். அரைவிரல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"முடிஞ்சது. ஜோடி மூணரை வெரலு."

சுபேதார் ஒன்றுக்கு மட்டும் மாமா பேசச் சொன்ன விலை அது. விலையைச் சபையில் சொல்லாத மனிதர் அன்று விலையையும் சொன்னார். தோப்புக்காரர் வாயைத் திறந்தார். அரைவிரலின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"ஜோடியா?" என்றார் மாமா.

அரைவிரல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவ அழுத்த வேண்டியது, ரெண்டு தடவ அழுத்திட்டேன் மிலிட்டரி. இருக்க பாதி ஒழுங்காத்தான் இருந்துச்சு. இல்லாத பாதி அழுத்திருச்சு. தப்பு என்னோடது. எனக்குத் தரகு வேண்டாம்."

லாரிக்காரர் ஒற்றைச் செருப்போடு குதித்தார். "அப்ப எனக்குச் சொன்னது?"

"உமக்கு நான் இன்னும் துண்டே போடலியே" என்றார் அரைவிரல்.

மாமா நிமிர்ந்து நின்றார். "சொல்லு குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அப்ப குடுத்தாச்சு" என்றார் மாமா. இரண்டு கயிற்றையும் சேர்த்துத் தோப்புக்காரர் கையில் கொடுத்துவிட்டு, நுனியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அது முழங்கால் வலியால் என்று வீட்டில் அத்தையிடம் சொன்னார்.

அந்த ஒரு தப்பு அரைவிரலைச் சும்மா விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து துண்டைப் போட்டாலே ஆட்கள், "அண்ணாச்சி, ஒத்தையா, ஜோடியா? வாயால சொல்லிரும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "இல்லாத பாதிய வீட்டுல விட்டுட்டு வந்தீரா?" என்பார்கள். கடவுளின் கணக்கையே சந்தேகப்பட்டவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆமாய்யா, வயசாவுதுல்லா" என்று போய்விடுவார். என் மைத்துனன் அவரைக் கூறுகெட்ட தரகர் என்று சென்னை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

முழங்கால் சரியானதும் மாமா பஸ் ஏறி வன்னியம்பட்டிக்குப் போய்த் தோப்புக்காரருக்கு இந்தி சொல்லிக் கொடுத்தார். சுபேதாரைத் தன் தெலுங்கு மாட்டோடு பூட்டிப் பார்த்த தோப்புக்காரர், ஒன்று வடக்கே போனால் ஒன்று தெற்கே போவதைக் கண்டு வெறுத்துப்போய், நாயக்கையே இடது பக்கம் பூட்டினார். தெலுங்கு மாடு நிழலில் படுத்து வேடிக்கை பார்த்தது. முடிகிறவரை அப்படி உழுதுவிட்டு, நாயக் அந்தத் தோப்பிலேயே வயதாகிப் போய்ச் சேர்ந்தது. தென்னைக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். மாமா இன்றைக்கும் அரைவிரலை, "தப்புப் பண்ணுன பய" என்றுதான் சொல்லுவார். ஆனால் ராணுவக் கேன்டீனிலிருந்து வருகிற முதல் பாட்டில் நேராக வ. புதுப்பட்டிக்குப் போய்விடும்.

பிழைப்புக்காக நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். இங்கே யாரும் என் கையைத் துண்டுக்குள் விட்டு எண்ணுவதில்லை. காய்கறிக்கடையில் விலைகளை அட்டையில் எழுதி வெளியிலேயே மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது அரைவிரலைப் பார்க்கப் போனேன். முன்போலச் சந்தைக்குப் போவதில்லை, வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து போனிலேயே தரகு பார்க்கிறார்.

"நெலவரம் எப்படி அண்ணாச்சி?"

"ஆடு மேல. மாடு கீழ. தவிடு அதுக்கும் மேல. உக்காருங்க மாப்ளே."

இரண்டு பேரும் டீ குடித்தோம். தோளில் கிடந்த பச்சைக் கரைத் துண்டு நிறம் போயிருந்தது. ஆனாலும் ரகசியம் தாங்கும் போலத்தான் இருந்தது. எனக்குள் ரொம்ப நாளாகக் கிடந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு மாமா மாட்டுக்கு ஒரு அழுத்தா, ரெண்டு அழுத்தா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டுதான் மாப்ளே. தப்பு தப்புதான்" என்று வாயால் சொன்னார். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து என் கை மேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டு, அந்தக் குட்டை விரலால் என் உள்ளங்கையில் அழுத்தினார்.

ஒரே ஒரு தடவை.

துண்டுக்குள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது சந்தை விதி. நான் சந்தைக்காரன் இல்லை, துண்டு விற்றவன், அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் துண்டை எடுக்கப் போனபோது நான் விடவில்லை. அந்த அரைவிரலைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.